காட்சி முகவரி (தேடல் விளம்பரங்களில்)

இணையத் தேடுபொறியின் முடிவுப் பக்கத்தில், கட்டணம் பெற்று வெளியிடப்படும் எழுத்து விளம்பரங்களின் தலைப்புக்கு அருகே ஒரு சிறு வரியாகத் தோன்றி, இதைச் சொடுக்கினால் எந்தத் தளத்துக்குப் போய்ச் சேருவோம் என்பதை வாசகருக்கு முன்கூட்டியே உணர்த்தும் முகவரி காட்சி முகவரி எனப்படும். உலாவியை உண்மையில் இட்டுச் செல்லும் முகவரி வேறு. அதற்கு இறுதி முகவரி என்று பெயர். இறுதி முகவரி இயந்திரம் படிப்பதற்கு உரியதாகையால், அதில் எண்களும் வினாக்குறிகளும் கண்காணிப்புக் குறியீடுகளும் நீளநீளமாகத் தொடர்ந்து வருவதில் யாதொரு தோஷமும் இல்லை. காட்சி முகவரியோ, பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயரைப் போல, ஏறலாமா வேண்டாமா என்று ஒரு கணத்தில் முடிவு செய்ய நிற்பவருக்காகச் சுருக்கி எழுதப்படுவது. இவ்விரு முகவரிகளுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்ற ஒரே பிரச்சினையைச் சுற்றியே இதன் சரித்திரம் முழுதும் சென்றிருக்கிறது. பயனுள்ள காட்சி முகவரியைத் தெரிந்தெடுக்கும் கலையும் அந்த வித்தியாசத்தைக் குறைப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

கூகுள் நிறுவனம் தன் விளம்பரச் சேவையாகிய ஆட்வேர்ட்ஸை 2000 அக்டோபரில் தொடங்கியது. அச்சேவை 2018 ஜூலையில் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. நெடுங்காலம் வழக்கிலிருந்த எழுத்து விளம்பரத்தில் தலைப்புக்கு 25 எழுத்துகள், விவரணைக்கு முப்பத்தைந்து எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள், காட்சி முகவரிக்கு 35 எழுத்துகள் என்று அளவு வகுக்கப்பட்டிருந்தது. முகவரியை விளம்பரதாரரே முழுமையாகத் தம் கையால் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தமையால், அந்த முப்பத்தைந்து எழுத்துகளும் மூன்றாவது விவரணை வரியைப் போலவே பிரயோகிக்கப்பட்டன. சொற்களைப் பிரித்துக் காட்டுவதற்காக டொமைன் பெயரின் நடுவே பெரிய எழுத்துகளை இடுவதும், தேடப்படும் சொல்லை முகவரியின் வாலில் ஒட்டுவதும் அக்காலத்தில் பிரசித்தமான யுக்திகள். தேடியவர் தட்டச்சு செய்த சொல் முகவரியில் இருந்துவிட்டால் அது தடித்த எழுத்தில் தோன்றி கண்ணை ஈர்த்தது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இந்தச் சுதந்திரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பெரிய வணிகத் தளம் ஒன்றின் பொருளை விற்றுத் தரகு பெறும் துணை விற்பனையாளர் பலர், அத்தளத்தின் முகவரியையே காட்டி ஒரே தேடலுக்கு வரிசையாக விளம்பரம் செய்தமையால், வாசகர் ஐந்து விளம்பரங்களில் எதைச் சொடுக்கினாலும் ஒரே கடைக்குப் போய்ச் சேரும் விபரீதம் நேர்ந்தது. 2005 ஜனவரியில், ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் விளம்பரங்களில் ஒரு தேடலுக்கு ஒன்றுக்கு மேல் வெளிவராது என்று கூகுள் விதித்தது. முகவரியை விளம்பரத்தின் அலங்காரமாக எண்ணியவர்களுக்கு, அது விளம்பரதாரரின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது என்பது அப்போது தெளிவாயிற்று. 2008 ஏப்ரல் முதல், காட்சி முகவரியின் டொமைனும் உண்மையில் சென்றடையும் பக்கத்தின் டொமைனும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி விலக்கின்றி அமல்படுத்தப்பட்டது. அதன்பின் 2011-இல் டொமைன் பெயர் முழுவதையும் சிறிய எழுத்துகளிலேயே காட்டும் முறை வந்தது; டொமைன் பெயர்களில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பேதம் இல்லையாதலால் இதனால் எவரும் வழி தவறவில்லையெனினும், சொற்களை ஒட்டி எழுதிப் பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு அது சங்கடமாகவே இருந்தது.

இப்போதுள்ள முறை 2016 ஜூலையில் வந்த விரிவுபடுத்தப்பட்ட எழுத்து விளம்பரங்களோடு தொடங்கியது. அதன்படி டொமைன் பகுதியை விளம்பரதாரர் எழுதுவதே இல்லை; இறுதி முகவரியிலிருந்து அதை இயந்திரம் தானே எடுத்துக்கொள்கிறது. அவருக்கு விடப்பட்டவை, சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட இரண்டு ‘பாதை’ப் பகுதிகள் மட்டுமே, ஒவ்வொன்றுக்கும் 15 எழுத்துகள். சீனம், ஜப்பானியம், கொரியம் முதலிய மொழிகளில் ஓர் எழுத்து இரண்டாகக் கணக்கிடப்படுவதால் அவற்றுக்கு இடம் இன்னும் குறைவு. 2022 ஜூன் இறுதியில் அவ்வகை விளம்பரங்களைப் புதிதாக உருவாக்கும் வசதி நிறுத்தப்பட்டு, பதினைந்து தலைப்புகளையும் நான்கு விவரணைகளையும் பெற்று இயந்திரமே சேர்த்துக் கோக்கும் விளம்பரமுறை நிலைத்துவிட்டபோதும், பாதைப் பகுதிகள் இரண்டும் மாறாமலே நின்றன. தலைப்புகளையும் விவரணைகளையும் ஒன்றற்கொன்று மாற்றி மாற்றிப் பரீட்சிக்கும் இயந்திரம் பாதையைத் தொடுவதில்லை; எழுதியவர் எழுதியபடியே அது நிற்கிறது.

பாதைப் பகுதிகளைப் பற்றி முதலில் அறிய வேண்டியது, அவை தளத்தில் உண்மையாக உள்ள பக்கங்களின் முகவரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது. உதாரணங்களுக்கென்றே 1999-இல் ஒதுக்கி வைக்கப்பட்ட எக்ஸாம்பிள்.காம் என்னும் டொமைனில் ஒரு காலணிக் கடை நடப்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்குரிய மழைக்காலணிகள் அடுக்கப்பட்ட பக்கத்தின் இறுதி முகவரி பன்னிரண்டு இலக்க எண்ணொன்றில் முடிவதாயிருந்தாலும், காட்சி முகவரி ‘எக்ஸாம்பிள்.காம்/குழந்தைகள்/மழைக்காலணி’ என்றே அமையலாம். விதி அதை அனுமதிக்கிறது. ஆயினும் அனுமதிக்கப்பட்டதெல்லாம் உசிதமாகிவிடாது. அந்தப் பாதையைப் படித்துச் சொடுக்கிய தாய், வந்திறங்கிய பக்கத்தில் பெரியவர்களின் ஓட்டக்காலணிகளைக் கண்டால், அடுத்த நொடியே திரும்பிவிடுவாள். அந்தச் சொடுக்குக்குரிய கட்டணமோ விளம்பரதாரரின் கணக்கில் ஏறியே தீரும். ஆகவே பாதையை எழுதுவதற்குமுன் சென்றடையும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் உச்சியில் கொட்டை எழுத்தில் இருப்பது என்ன என்று பார்த்து, அதன் சுருக்கத்தையே பாதையாக்குவது மிக எளியதும் மிக அரிதாகக் கைக்கொள்ளப்படுவதுமான முறை.

இரண்டு பகுதிகளில் முதலாவதைப் பொதுவானதற்கும் இரண்டாவதைச் சிறப்பானதற்கும் வைப்பது, தளங்களின் இயல்பான அடுக்கைப் பின்பற்றுவதாகையால் வாசகருக்கு எளிதில் பிடிபடும்: வகை, பிறகு பொருள், அல்லது பொருள், பிறகு ஊர். ஊர்ப்பெயர், அருகிலேயே சென்று பெற வேண்டிய சேவைகளுக்கு மிகவும் பயன்படுகிறது. குழாய் பழுதுபார்ப்பவரையோ பல் மருத்துவரையோ தேடுகிறவருக்கு, தம் ஊர் முகவரியில் தெரிவதைக் காட்டிலும் நம்பிக்கை தரும் செய்தி வேறில்லை. டொமைன் பெயரிலேயே உள்ள சொல்லைப் பாதையிலும் எழுதுவது வீண். மழைக்காலணி என்றே டொமைன் பெயர் கொண்ட கடை, பாதையில் மீண்டும் மழைக்காலணி என்று எழுதினால், இருக்கும் சொற்ப இடமும் எதிரொலிக்கே செலவாகிறது. டொமைன் பெயரோ நிறுவனர் பெயராக இருந்து, கடையில் விற்பது என்னவென்று சற்றும் காட்டாததாயின், அந்தக் குறையை நிரப்புவதே பாதையின் தலையாய கடமை.

இரண்டு பகுதிகளையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பொருத்தமான ஒரே சொல் கிடைத்தால் இரண்டாவதை வெறுமையாக விடுவதே மேல். ஒன்றும் எழுதாது விட்ட விளம்பரத்துக்கும் டொமைன் பெயர் தானாகவே தோன்றிவிடுகிறது. ‘வாங்குங்கள்’, ‘இப்போதே’ என்ற ஏவல்களையும், ‘சிறந்தது’ என்ற சுயபுகழ்ச்சியையும் முகவரிக்குள் செருகுவது, தலைப்பில் ஏற்கெனவே உரக்கக் கூவியதை மறுபடியும் கூவுவதேயாகும். தள்ளுபடி, பண்டிகை விற்பனை போன்ற தற்காலிகச் சொற்கள் அந்தந்தக் காலத்தில் பயன் தரும் எனினும், விற்பனை முடிந்தபின் அவற்றை நீக்க மறந்துவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால், நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளாதவர்கள் அவற்றைத் தொடாதிருப்பது நலம். ‘அதிகாரபூர்வம்’ என்ற சொல் இவை எல்லாவற்றினும் சந்தேகத்துக்குரியது. உண்மையான நிறுவனத்துக்கு அதன் டொமைன் பெயரே சாட்சியாக நிற்க, அச்சொல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்பவர் பெரும்பாலும் சாட்சி இல்லாதவர்.

தேடப்பட்ட சொல்லையே பாதைக்குள் தானாகப் புகுத்தும் வசதி ஒன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான பொருள்களை விற்பவருக்கு அது உழைப்பைக் குறைக்கிறது என்பது மெய். ஆனால் புகுத்தப்படும் சொல் பதினைந்து எழுத்துகளைத் தாண்டுமாயின் முன்னரே குறித்துவைத்த மாற்றுச்சொல் வெளிப்படுமாகையால், அந்த மாற்றுச்சொல்லைக் கவனத்தோடு எழுதாதவர்களின் விளம்பரம் அர்த்தமற்ற பாதையோடு உலவ நேரிடும். பாதையின் சொல் மட்டும், விளம்பர இடங்களைப் பங்கிடும் ஏலத்தில் ஸ்தானத்தை உயர்த்திவிடும் என்று கருதுவதும் மிகை. விளம்பரத்தின் தரத்தை மதிப்பிடும்போது, எதிர்பார்க்கப்படும் சொடுக்கு விகிதம், தேடலோடு விளம்பரத்துக்குள்ள பொருத்தம், சென்றடையும் பக்கத்தின் அனுபவம் ஆகிய மூன்றையும் கூகுள் கணக்கில் கொள்கிறது. விளம்பரக் குழுவிலுள்ள காட்சி முகவரிகள் முன்னர் ஈட்டிய சொடுக்கு விகிதமும் ஒரு காலத்தில் அம்மதிப்பீட்டின் அங்கமாக வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருந்தது. நல்ல பாதை இவற்றுள் முதல் இரண்டுக்குச் சிறிது துணைசெய்யலாம். மூன்றாவதைப் பாதையால் ஈடுகட்ட முடியாது.

ஒரே டொமைனின் கீழ் பலர் தனித்தனித் தளங்கள் நடத்தும் இலவச இடவசதிச் சேவைகளில், டொமைன் பெயரை மட்டும் காட்டினால் விளம்பரதாரர் யாரென்றே தெரியாது போகும். அத்தகைய இடங்களில் முன்னொட்டாக வரும் துணை டொமைனையும் சேர்த்துக் காட்டுவது அவசியமாகிறது. தொழிலைத் தொடங்கும்போதே சொந்த டொமைன் ஒன்றைப் பதிவு செய்துகொள்வது ஏன் நல்லதென்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

விதிகள் இவ்வளவு இறுகிய பின்னரும் வஞ்சகர்கள் இவ்வரியைக் கைவிடவில்லை. பிரசித்தமான நிறுவனங்களின் பெயரில் தேடல் விளம்பரங்கள் வாங்கி, ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரிகளுக்கு மக்களை இழுத்துச் செல்லும் குற்றவாளிகளைக் குறித்து, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் பொது எச்சரிக்கை வெளியிட்டு, சொடுக்குமுன் முகவரியைச் சரிபார்க்குமாறும், இயலுமாயின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்யுமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களைக் காக்கும் கீபாஸ் என்னும் மென்பொருளின் பெயரால் 2023 அக்டோபரில் வெளிப்பட்ட மோசடி விளம்பரம், முதல் எழுத்தாகிய ‘கே’யின் கீழ் ஒரு சிறு குறி மட்டும் கூடுதலாகப் பெற்ற டொமைனுக்கு மக்களைக் கொண்டு சேர்த்தது; அக்குறியைத் திரையில் ஒட்டிய தூசியென்று எவரும் எண்ணிக் கடந்திருப்பர். நேர்மையான விளம்பரதாரருக்கும் இதனால் ஒரு கட்டுப்பாடு விளைகிறது: கண்காணிப்புக்காக இடையில் வேறு தளங்கள் வழியே சுற்றி அனுப்பும் முறையை அவர் மேற்கொள்வாராயின், முடிவில் காட்டிய டொமைனிலேயே வாசகர் இறங்குகிறாரா என்பதை அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும், தவறினால் விளம்பரமே நிராகரிக்கப்படும்.

தமிழில் எழுதும் விளம்பரங்களைக் கூகுள் 2018 பிப்ரவரி முதல் ஏற்று வருகிறது. தமிழ்ப் பாதை எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: யூனிகோடு முறையில் ‘கோ’ என்னும் ஓரெழுத்து, ககர மெய்யின் குறி ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுவதால், கண் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றாயிரா. ‘மழைக்காலணி’ கண்ணுக்கு ஆறெழுத்தே. குறிகளாக எண்ணினாலோ பத்து. பெட்டியில் இட்டுப் பார்த்த பின்னரே சொல்லை நிர்ணயிப்பது நன்று. உருபுகளைக் களைந்து பெயர்ச்சொல்லின் மூலவடிவத்தை மட்டும் வைத்துக்கொள்வது இடத்தையும் மிச்சப்படுத்தும், முகவரியின் இயல்புக்கும் ஒத்துவரும்.

இவ்வரியின் தோற்றமும் பலமுறை மாறியிருக்கிறது. நெடுங்காலம் பச்சை நிறத்தில் தலைப்பின்கீழ் நின்ற முகவரி, கைபேசியில் 2019-லும் கணினித் திரையில் 2020-லும் தலைப்பின் மேலே கறுப்பு எழுத்தில் ஏறி அமர்ந்தது. 2022 அக்டோபரில் தளத்தின் பெயரும் சிறு சின்னமும் அதனோடு சேர்க்கப்பட்டு, ‘ஆட்’ என்றிருந்த முத்திரை ‘ஸ்பான்சர்ட்’ என்று மாற்றப்பட்டது. நிறுவனப் பெயர் பெரிதாகவும் முகவரி அதனடியில் சிறிதாகவும் தோன்றும் இவ்வமைப்பில், சிறு திரைகளில் நீண்ட பாதை துண்டிக்கப்படுவதும் உண்டாகையால், முதற்பகுதியிலேயே முக்கியமான சொல்லை வைத்துவிடுகிறவர்கள் நஷ்டமடைவதில்லை.