பட்டுப்புடவைக்கு இருந்த உரிமை வீட்டுக்கு இல்லாத காலம்

காஞ்சிபுரம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று கோயில், இன்னொன்று பட்டு. முகூர்த்த மாதங்களில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. கூட வந்த பாட்டி புடவையின் ஓரத்தை எடுத்து, ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால் சரி. வேறு நூல் தெரிந்தால் கடைக்காரரிடம் பேச்சு வேறு மாதிரி போகும்!

அதே குடும்பம் ஒரு வீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புடவையைப் போலப் பல மடங்கு பணம். ஆனால் வீட்டை எந்த நகத்தால் சுரண்டிப் பார்ப்பது? தளம் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிர்ணயம். 7 நாள் நனைத்தார்களா, 3 நாளில் விட்டுவிட்டார்களா? பூச்சு பூசி பெயிண்ட் அடித்த பிறகு யாருக்குத் தெரியும்? கிரகப்பிரவேசத்தன்று எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ஐப்பசி மழை வந்தால்தான் வீட்டின் குணம் தெரியும். மேல்தளம் ஒழுகும், சுவரில் ஓதம் ஏறும், ஜன்னல் மூலையில் விரிசல் ஓடும், பாத்ரூமில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கும்.

நெசவாளர் வீடு என்றால் கஷ்டம் இரட்டிப்பு. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றேதான். குழித்தறி தரையில் பள்ளம் தோண்டி அமைக்கப்படுவது. அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும்.

சரி, புடவையில் குறை இருந்தால் வாங்கியவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டில் குறை இருந்தால்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் பதில் கிடைக்க எடுத்துக்கொண்ட காலம் மிக நீளம். அந்தக் கதையில் சென்னை மாகாணத்துக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு.

வீடு ஒரு 'பொருள்' இல்லை!

வணிகவியல் படிக்கும் எல்லோருக்கும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தெரியும். 'வாங்குபவரே, விழிப்பாயிரு' என்பது அதன் அடிப்படை. ஆனால் 16-வது பிரிவு அதற்கு விலக்குகளைத் தருகிறது. வாங்குபவர் என்ன தேவைக்கு வாங்குகிறார் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். மாதிரியைக் காட்டி விற்றால் பொருள் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 17-வது பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாவிட்டாலும் இந்த உரிமைகள் தாமாகவே வந்துவிடும்.

ஆனால் இந்தச் சட்டத்தில் 'சரக்கு' என்றால் அசையும் பொருள் மட்டுமே. புடவை அசையும், வீடு அசையாது. எனவே சில ஆயிரம் ரூபாய்ப் புடவைக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஆயுள் சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

வீடு அசையாது, சரி. அதற்குள் போன செங்கல், சிமென்ட், மரம் எல்லாம் அசையும் பொருள்கள்தானே என்று கேட்கலாம். இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஆனால் கேட்டது வீட்டுக்காரர் அல்ல, வரி வசூலிக்க நினைத்த சென்னை அரசு! கேனன் டங்கர்லி என்ற கட்டுமான நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கில் 1958 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு வந்தது. கட்டட ஒப்பந்தம் என்பது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம், அதில் பொருள் விற்பனை என்று தனியாக ஒன்று இல்லை, ஆகவே விற்பனை வரி போட முடியாது என்றது நீதிமன்றம்.

அரசு விடவில்லை. 1982-இல் அரசியலமைப்பின் 46-வது திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஒப்பந்த வேலையில் பயன்படும் பொருள்களுக்கு வரி போட வழி செய்யப்பட்டது. அதாவது வீடு கட்டுவதில் அரசுக்கு வரவேண்டிய வரிக்கு 1982-இலேயே வழி பிறந்துவிட்டது. ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தவர் இன்னும் 11 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

அதுவரை அவருக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், வருடக்கணக்கில் வாய்தா... விரிசலை அடைக்க ஆகும் செலவைவிட வழக்குச் செலவு அதிகம் என்ற நிலை வந்தால் யார் போவார்கள்? பெரும்பாலும் மேஸ்திரியின் வீட்டுக்கு நடையாய் நடப்பதுதான் ஒரே வழி.

1993: வீடு ஒரு 'சேவை' ஆனது

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் பொருளோடு 'சேவை'யும் சேர்க்கப்பட்டது. வங்கி, காப்பீடு, போக்குவரத்து, மின்சாரம், தங்கும் விடுதி என்று பட்டியல் நீண்டது. ஆனால் வீடு கட்டுதல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

1993 ஜூனில் வந்த திருத்தம் அந்தச் சொல்லைச் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆணையத்திடம் முழுப் பணமும் கட்டி, பத்திரமும் பதிந்த பிறகும் வீடு கைக்கு வராத ஒரு சாதாரண மனிதர் தொடுத்த வழக்கு அது. வீடு என்பது அசையாச் சொத்து, எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதிட்டது ஆணையம். நீதிபதி ஆர்.எம். சஹாய் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. திருத்தம் வருவதற்கு முன்பேகூட வீடு கட்டித் தருவது சேவைதான், தரமில்லாத பொருளைப் போட்டுக் கட்டினால் அது சேவைக் குறைபாடுதான், கட்டுபவர் தனியாரானாலும் அரசு அமைப்பானாலும் ஒன்றுதான் என்றது. மன உளைச்சலுக்குத் தரவேண்டிய தொகையைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும் சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டைப் 'பொருள்' ஆக்கி உரிமை தரவில்லை. கட்டுபவரின் உழைப்பையும் திறமையையும் 'சேவை' என்று பார்த்து உரிமை தந்தார்கள். கேள்வி சுவரைப் பற்றியது அல்ல, சுவரை எழுப்பிய வேலையைப் பற்றியது என்று ஆனது. வேலைத்தரம் பற்றிய புகாருக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

மௌலிவாக்கம்

2014 ஜூன் 28, மாலை நேரம், மழை. காஞ்சிபுரம் மாவட்டம் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு 11 மாடிக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வீட்டுக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் அதையும் பார்க்க நேர்ந்தது.

அந்த 2016-ஆம் ஆண்டில்தான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. அதன் 14(3) பிரிவு தெளிவானது. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ குறை என்று சொன்னால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு.

இது புதிய யோசனையா? இல்லவே இல்லை! சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டத்தில் 233-வது விதி, வேலை சரியாக இல்லாமல் சுவர் சாய்ந்தால் கட்டியவரே தன் பணத்தில் அதைப் பலப்படுத்த வேண்டும் என்கிறது. (வீடு விழுந்து வீட்டுக்காரர் இறந்தால் கட்டியவருக்கு மரண தண்டனை என்பது 229-வது விதி!) பிரான்ஸின் 1804-ஆம் ஆண்டு சிவில் சட்டம் கட்டுபவருக்கு 10 ஆண்டுப் பொறுப்பை விதித்தது.

சொந்த மனையில் கட்டுபவர்

2016 சட்டம் எல்லோருக்கும் உதவாது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டம் என்றால் பதிவே தேவையில்லை. காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் பலரும் தாத்தா காலத்து மனையில், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைப்பவர்கள். அங்கே வீடு விற்கப்படுவதே இல்லையே! எனவே அவர்களுக்கு இன்றும் கைகொடுப்பது 1993-இல் திறந்த அந்தக் கதவுதான்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. குறை தெரிந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்டரிடம் ஃபிளாட் வாங்கியவருக்கோ இரண்டு கதவும் உண்டு. புதிய சட்டம் வந்ததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

புகார் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது?

கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, கையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கட்டுபவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும். பாதியில் வீட்டுக்காரர் பிளானை மாற்றியிருப்பார். சிமென்டும் மணலும் வீட்டுக்காரரே வாங்கித் தந்து, காண்ட்ராக்டர் லேபர் மட்டும் போட்டிருப்பார். பூச்சில் வரும் மயிரிழை விரிசலும், பீமில் வரும் விரிசலும் ஒன்றல்ல. இதையெல்லாம் பிரித்துச் சொல்ல இரண்டு பக்கமும் சாராத ஒரு இன்ஜினியரின் அறிக்கை வேண்டும். எந்த அறை, எந்தச் சுவர், எந்தத் தேதியில் தெரிந்தது என்று பட்டியல் போட்டு, போட்டோவோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பலமுறை போனில் சொன்னேன் என்பது சாட்சி ஆகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது எழுதிய ஒப்பந்தம். என்ன கம்பி, என்ன சிமென்ட், என்ன கலவை விகிதம், எத்தனை நாள் நனைப்பது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கழியும்வரை எவ்வளவு நிறுத்திவைப்பது என்று எழுதியிருந்தால் பாதிச் சண்டை வராது. தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் வாய்ப்பேச்சாகக் கொடுத்த வேலைகளில்தான் யார் சொன்னது சரி என்றே தெரியாமல் போகிறது. அதில் நஷ்டப்படுவது வீட்டுக்காரர் மட்டுமல்ல, ஒழுங்காக வேலை செய்து பாக்கி வராமல் நிற்கும் மேஸ்திரியும்தான்.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்றார்கள் பெரியவர்கள். கல்யாணப் புடவையைச் சுரண்டிப் பார்க்கும் உரிமை எப்போதும் இருந்தது. வீட்டைக் கேள்வி கேட்கும் உரிமை 1958, 1982, 1993, 2016 என்று சுற்றி வந்துதான் கிடைத்திருக்கிறது. ஜரிகைக்குள் இருக்கும் சிவப்பு நூலைப்போல வீட்டுக்குள் இருக்கும் உண்மையைக் காட்டுவது அந்த ஒப்பந்தக் காகிதம்தான். அஸ்திவாரம் தோண்டும் முன்பே அதை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.