மர்ம நபர்களும் கொண்டைக்கடலையும்

2003ல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை போட்டோம். ஒரு காலேஜ் வாசலுக்கு நேர் எதிரே. திட்டம்னா திட்டம், அப்படி ஒரு திட்டம். டீக்கடை பெஞ்சில் ரெண்டு வாரம் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே போறாங்க, எத்தனை பேர் கையில் நோட்டு இருக்கு, பரீட்சை மாசத்தில் எத்தனை பக்கம் ஓடும் என்று கணக்கெடுத்தோம். அம்மாவின் ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போனது. செகண்ட் ஹேண்ட் மெஷின் வந்தது. கடை திறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, காலேஜில் அந்த கேட்டைப் பூட்டிவிட்டு பின்பக்கத் தெருவில் புது கேட் திறந்துவிட்டார்கள்.

அவங்க மேல தப்பே இல்லை. அவங்க கேட், அவங்க பூட்டு. நாங்கள் எண்ணாத ஒரே விஷயம் அதுதான்.

கடையைக் காலி பண்ணின ராத்திரி தரையில் நியூஸ் பேப்பர் விரித்து பரோட்டா சாப்பிட்டோம். யாரோ ஒருத்தன் ஆரம்பித்தான், அப்புறம் நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது, அது வேற விஷயம். வளையல் ரெண்டும் வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப் போச்சு.

அந்தச் சமயத்தில்தான் பர்மா பஜாரில் ஒரு பழைய இத்தாலியப் படத்தின் டிவிடி கிடைத்தது. (திருட்டுப் படத்தைத் திருட்டு டிவிடியில் பார்த்த பாவம் என்னைச் சேரட்டும்.) அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. சிரிப்புத் திருட்டுப் படம் எங்கே கிடைத்தாலும் உட்கார்ந்துவிடுவேன். இத்தனை வருஷமாகப் பார்த்ததிலும் படித்ததிலும் சேர்ந்த சரித்திரத்தை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. முடிவையெல்லாம் சொல்லிவிடுவேன், அதனால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஹாலிவுட்டில் 1930ல் எழுதி, 1934லிருந்து கறாராக அமல்படுத்திய தணிக்கை விதிகள். ஹேஸ் கோட் என்று பெயர். அதன்படி குற்றம் செய்தவன் ஜெயித்து வீட்டுக்குப் போகக் கூடாது. எப்படித் திருடினான் என்று விலாவாரியாகக் காட்டவும் கூடாது, பார்க்கிறவன் கற்றுக்கொண்டுவிடுவானாம். 1968 வரைக்கும் இந்த விதி உயிரோடு இருந்தது. அமெரிக்காவில் ஓட வேண்டிய வெளிநாட்டுப் படங்களுக்கும் இதே தலைவலிதான். ஆக, படம் ஆரம்பிக்கும்போதே திருடன் தோற்கப்போகிறான் என்பது முடிவான சமாச்சாரம். சீரியஸ் படங்களில் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டால் ஆச்சு. சிரிப்புப் படத்தில் என்ன செய்வது?

இங்கே இங்கிலாந்துக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1951ல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'தி லாவெண்டர் ஹில் மாப்'. சார்லஸ் கிரைட்டன் டைரக்‌ஷன். அலெக் கின்னஸ் ஒரு வங்கி குமாஸ்தா. வருஷக்கணக்கா தங்கக் கட்டி ஏற்றிய வண்டியில் காவலுக்குப் போய் வருகிறார், சம்பளம் மட்டும் ஏறவே இல்லை. ஒரு நாள் பக்கத்து அறைக்குக் குடி வருகிற ஆள், சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிற ஈபிள் டவர் பொம்மைகளை ஈயத்தில் வார்த்துத் தயாரிக்கிறவர். அப்புறம் என்ன, தங்கத்தை உருக்கி ஈபிள் டவர் பொம்மையாக்கி பாரிஸுக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே! அனுப்புகிறார்கள். ஆறு பொம்மைகள் மட்டும் தவறுதலாக இங்கிலாந்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விற்றுப்போகின்றன.

கதை எழுதியவர் டி.இ.பி. கிளார்க். யுத்த காலத்தில் லண்டன் போலீஸில் ரிசர்வ் கான்ஸ்டபிளாக இருந்தவர். உங்க தங்கத்தை எப்படித் திருடலாம் என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமே போய்க் கேட்டாராம். அவர்களும் மெனக்கெட்டு ஒரு கமிட்டி போட்டு யோசனை சொன்னார்களாம்! அந்தக் கதைக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. யுத்தம் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் இங்கிலாந்தில் மிட்டாய்க்கும் இறைச்சிக்கும் ரேஷன் இருந்த காலம் அது. கியூவில் நின்று நின்று சலித்த ஜனங்களுக்கு, ஒரு குமாஸ்தா வங்கியை ஏமாற்றுவதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்! தென் அமெரிக்காவில் சொகுசாக உட்கார்ந்து குமாஸ்தா கதை சொல்கிறார். கடைசியில் எழுந்து நிற்கும்போதுதான் கையில் விலங்கு தெரிகிறது. சட்டமும் ஜெயித்தது, ஒரு வருஷ சந்தோஷமும் அவருக்குக் கிடைத்தது.

1955ல் அதே ஈலிங், அதே கின்னஸ், 'தி லேடிகில்லர்ஸ்'. திருடர்கள் ஐந்து பேரையும் ஒரு பாட்டி தோற்கடிப்பாள். நல்ல படம்தான், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு ஆளைப் பற்றி.

ஜூல்ஸ் டாஸின். 1911ல் பிறந்த அமெரிக்கர். 'தி நேக்கட் சிட்டி' (1948) எல்லாம் எடுத்துப் பெயர் வாங்கியவர். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாட்களில், 1951ல், சக டைரக்டரான எட்வர்ட் டிமிட்ரிக் விசாரணைக் கமிட்டி முன்னால் இவர் பெயரைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஹாலிவுட்டின் கருப்புப் பட்டியல். ஐரோப்பாவுக்குப் போயும் வேலை கிடைக்கவில்லை. வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் பிரான்ஸில் குறைந்த பட்ஜெட்டில் கிடைத்த படம்தான் 'ரிஃபிஃபி' (1955). அதில் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம். வசனம் கிடையாது, இசை கிடையாது. மேல் மாடித் தரையில் ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு குடையைச் செருகி விரிக்கிறார்கள். உடைகிற காரையெல்லாம் சத்தமில்லாமல் குடைக்குள் விழுகிறது. அலாரத்துக்குள் தீயணைப்பு நுரையை அடித்து வாயை அடைக்கிறார்கள். பார்க்கிற நமக்கே மூச்சு விட பயமாக இருக்கும். கேன்ஸில் அவருக்குச் சிறந்த டைரக்டர் விருது.

இதில் ஒரு விஷயம். பூட்டு உடைக்கிற இத்தாலியன் வேஷத்தில் நடித்தது டாஸினேதான், வேறு பெயரில். கதைப்படி கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறவன் அவன்தான். தலைவன் வந்து, உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனால் விதி விதிதான் என்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சுட்டுக் கொல்கிறான். தன்னைக் காட்டிக்கொடுத்ததால் ஊரை விட்டு வந்த ஒருத்தர், காட்டிக்கொடுத்தவனாகத் தானே நடித்துச் செத்துக் காட்டுகிறார். சிரிப்புப் படம் பற்றிய பதிவில் இது எதுக்கு என்று கேட்காதீங்க, வருது.

'ரிஃபிஃபி' ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது. மூன்று வருஷம் கழித்து ரோமில் மாரியோ மோனிசெல்லி என்பவர் அதைக் கிண்டல் அடித்து ஒரு படம் எடுத்தார். (ஸ்பெயினில் அதை 'ருஃபுஃபு' என்ற பெயரிலேயே வெளியிட்டார்கள்.) அதுதான் எனக்கு பர்மா பஜாரில் கிடைத்த படம். இத்தாலியப் பெயர் 'இ சோலித்தி இஞ்ஞோத்தி'. திருட்டு நடந்தால் ஆள் யாரென்று தெரியாதபோது இத்தாலியப் பத்திரிகைகள் எழுதுகிற சொற்றொடர் அது. நம்ம பேப்பரில் 'மர்ம நபர்கள் கைவரிசை' என்று போடுவார்களே, அதே சமாச்சாரம். இங்கிலீஷில் 'பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்' என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த மர்ம நபர்களைக் கொஞ்சம் பாருங்க. தலைவன் பெப்பே, அடி வாங்கியே பெயரெடுத்த குத்துச்சண்டைக்காரன், திக்குவாய் வேற. ஜெயிலில் கோஸிமோ என்கிற ஆளிடம், தனக்கும் தண்டனை விழுந்துவிட்டதாகப் பொய் சொல்லி, அவன் திட்டத்தை உருவிக்கொண்டு வருகிறவன். நடித்தது வித்தோரியோ காஸ்மன், அதுவரைக்கும் மேடையில் கம்பீரமான வேஷங்கள் போட்டுக்கொண்டிருந்தவர். இன்னொருத்தன் போட்டோகிராபர், ஆனால் கேமராவை விற்றுவிட்டான். பெண்டாட்டி சிகரெட் கடத்தி ஜெயிலில், கைக்குழந்தை இவன் இடுப்பில். மார்ச்சல்லோ மஸ்த்ரோயான்னி. தங்கையை வீட்டில் பூட்டி வைக்கிற ஒரு சிசிலிக்காரன், எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற ஒரு கிழவன். இவர்களுக்கெல்லாம் மொட்டை மாடியில் துணி காய்கிற கொடிக்கு நடுவில், இரும்புப் பெட்டி திறப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிற வாத்தியார், மகா நடிகர் தோத்தோ. முதலில் டியூஷன் ஃபீஸ் பற்றித்தான் பேசுகிறார்.

இலக்கு என்ன தெரியுமா? அடகுக் கடை. எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. டேய், அந்த ரெண்டு வளையலையும் சேர்த்து எடுத்துட்டு வாங்கடா!

அடகுக் கடைக்குப் பக்கத்து வீட்டுக்குள் நுழைய வேண்டும், நடுவில் இருக்கிற மெல்லிய சுவரை உடைக்க வேண்டும், அந்தப் பக்கம் பெட்டி. இவ்வளவுதான் திட்டம். எல்லாம் பக்கா அறிவியல்பூர்வமாகச் செய்யணும் என்று பெட்டியின் சேர்க்கை எண்ணை தூரத்திலிருந்து சினிமா கேமராவில் பிடிக்கிறார்கள். போட்டுப் பார்த்தால், முக்கியமான இடத்தில் யாரோ காயப்போட்ட துணி மறைக்கிறது. தோத்தோ பார்த்துவிட்டு, சினிமா என்ற வகையில் இது மட்டமான படம் என்று விமர்சனம் வேறு சொல்கிறார்.

கடைசியில் ராத்திரி உள்ளே போகிறார்கள். ஒருத்தன் கையில் மாவுக்கட்டு. தண்ணீர்க் குழாயை உடைக்கிறார்கள். வியர்க்க விறுவிறுக்கச் சுவரை உடைத்துத் தலையை நீட்டினால்... அந்தப் பக்கம் அதே வீட்டின் சமையலறை. குடியிருந்த பாட்டிகள் மேஜை நாற்காலியை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், இவர்கள் அதை வைத்துத் தப்பான சுவரைக் கணக்குப் பண்ணிவிட்டார்கள்.

பாட்டிகள் மேஜையை நகர்த்துகிறார்கள். காலேஜில் கேட்டை நகர்த்துகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

மர்ம நபர்கள் அப்புறம் என்ன செய்தார்கள்? அந்தச் சமையலறையில் பாத்திரத்தில் பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதுக்கு மசாலா கொஞ்சம் பத்தலை என்கிற ரீதியில் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். (இதாலோ கால்வினோவின் ஒரு சிறுகதையில் திருடர்கள் பேக்கரிக்குள் புகுந்து கல்லாவை மறந்துவிட்டு கேக் தின்கிறார்கள். படத்துக்கு அதுவும் ஒரு வித்து.) அடுப்பு வெடித்துத் துணியெல்லாம் கரியாகி, விடிகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் கலைகிறார்கள். பெப்பே போலீஸுக்குப் பயந்து, கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிற கூட்டத்துக்குள் ஒளியப் போய் உள்ளே தள்ளப்பட்டுவிடுகிறான். வேலை! வாழ்நாளெல்லாம் அவன் ஒளிந்து ஓடினது அதற்குத்தான்.

இந்தப் படத்தில் யாரும் வந்து இவர்களைத் தண்டிக்கவில்லை. கதைக்கு அது தேவைப்படவே இல்லை. 1958, இத்தாலி பணக்கார நாடாக மாற ஆரம்பித்த நேரம், ரோமின் ஓரத்தில் கட்டடங்கள் எழும்புகின்றன. இவர்களுக்கு அதில் ஒரு சுவரைத் தட்டிப் பார்க்கத்தான் முடிகிறது. அதுவும் தப்பான சுவர். நடுவில் கோஸிமோ ஒரு கைப்பையைப் பிடுங்கப் போய் டிராமில் அடிபட்டுச் செத்துப்போகிறான், சிரித்துக்கொண்டிருந்த நமக்குத் தூக்கிவாரிப் போடும். தணிக்கைக்காகத் தோற்கிற திருடன் வேறு, கையில் ஒன்றுமில்லாததால் தோற்கிறவன் வேறு. சிரிப்புத் திருட்டுப் படம் முழு உயரத்துக்கு வளர்ந்தது இங்கேதான் என்பேன்.

இப்போது டாஸினுக்கு வருவோம். தன் படத்தை ஊரே கிண்டல் செய்கிறது. அந்த மனுஷன் என்ன செய்தார்? 1964ல் தானே ஒரு சிரிப்புத் திருட்டுப் படம் எடுத்துவிட்டார். 'டாப்காபி', எரிக் ஆம்ப்ளரின் நாவலிலிருந்து. இஸ்தான்புல் அரண்மனை மியூசியத்தில் இருக்கிற மரகதம் பதித்த குத்துவாளைத் திருட வேண்டும். தரையில் கால் பட்டால் அலாரம். அதனால் கூரையிலிருந்து ஒருத்தனைக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். 1996ல் 'மிஷன் இம்பாஸிபிள்' படத்தில் டாம் க்ரூஸ் தொங்கினாரே, அதுக்குத் தாத்தா இது. எல்லாம் கச்சிதமாக முடிந்து வெளியே வந்த பிறகு, ஒரு குருவி ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து தரையில் உட்காருகிறது. அலாரம்! சிறை முற்றத்தில் நின்றுகொண்டும் மெலினா மெர்கூரி அடுத்த திருட்டைப் பற்றிக் கனவு காண்கிறார். பீட்டர் உஸ்தினோவுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம்.

ஒரு கொசுறு: அந்தக் குத்துவாள் நிஜம், இன்றும் அந்த மியூசியத்தில்தான் இருக்கிறது. 1740களில் துருக்கி சுல்தான் முதலாம் மஹ்மூத் பாரசீக மன்னன் நாதிர் ஷாவுக்குப் பரிசாக அனுப்பியது. 1739ல் டெல்லியைச் சூறையாடி மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு போனாரே, அதே நாதிர் ஷா. பரிசு போய்ச் சேர்வதற்குள் 1747ல் அவரைக் கொன்றுவிட்டார்கள், வாள் திரும்பி வந்துவிட்டது.

1968க்குப் பிறகு அமெரிக்கத் திருடனுக்கு விடுதலை. ஒப்பிட ஒரு ஜோடி போதும். 1960ல் வந்த 'ஓஷன்ஸ் லெவன்' படத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் அடித்த பணத்தைச் சவப்பெட்டியில் ஒளித்து வைக்க, அது பிணத்தோடு சேர்ந்து எரிந்துபோகும். 2001ல் ஸ்டீவன் சோடர்பெர்க் திரும்ப எடுத்தபோது பணம் பத்திரமாக வெளியே வந்துவிடுகிறது, எல்லாரும் நீரூற்று முன்னால் நின்று அழகு பார்க்கிறார்கள். ஜோராத்தான் இருக்கும், நானே நாலு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த கோட்டு சூட்டுக்காரர்கள் யாரும் எனக்குப் பழக்கப்பட்டவர்கள் மாதிரி தோன்றியதில்லை. பெப்பேயோடு நான் டீ குடித்திருக்கிறேன்.

ரொம்ப வருஷம் கழித்து மர்ம நபர்கள் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே. அடகுக் கடை என்று சொன்னபோது ஓரக்கண்ணால் பார்த்தேன், ஒண்ணும் சொல்லவில்லை. கோஸிமோ செத்தபோது "அடப்பாவமே" என்றார்கள். சுவர் இடிந்தபோது சிரித்தார்கள். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, காலையில அந்தக் கிழவிங்க வந்து சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார்கள்.