இல்லக் கணனியும் கட்டற்ற இயங்குதளமும்

கணனி தானாகவே இயங்கும் பொருளன்று. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையிற் காட்டுவதும், எழுதியதைச் சேமித்து வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் அதனுள் உறையும் ஓர் அடிப்படை மென்பொருளின் தொழிலாகும். அதனை இயங்குதளம் என்பர். கணனியை விலை கொடுத்து வாங்கியவர் அப்பொறிக்கு உரிமையாளராகின்றார். ஆனால், அதனை இயக்கும் மென்பொருளைச் சில நிபந்தனைகளுக்கு அமையப் பயன்படுத்தும் அநுமதியே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கின்றது. காணி ஒருவருடையது, கிணறு இன்னொருவருடையது என்றாற் போன்ற இந்நிலையிலிருந்து பிறந்ததே கட்டற்ற இயங்குதளத்தின் வரலாறு.

ஆதியில் இந்நிலை இருக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் மென்பொருள் பெரும்பாலும் பொறியோடு சேர்த்தே வழங்கப்பட்டது. ஆய்வாளர்கள் தாம் எழுதிய நிரல்களை ஒருவருக்கொருவர் தாராளமாகக் கொடுத்து வாங்கினர். 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளைப் பொறியினின்றும் பிரித்து விலை குறிக்கும் திட்டத்தை அறிவித்தது. 1976 பெப்ரவரியில், இளைஞராயிருந்த பில் கேட்ஸ், கணனி ஆர்வலருக்கு ஒரு பகிரங்க மடல் வரைந்தார். விலை கொடாது மென்பொருளைப் பிரதி செய்வது களவே என்பது அதன் சாரம். எழுதியவனுக்கு ஊதியம் வேண்டாவோ என்ற அவரது வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அவ்வழியே வளர்ந்த வணிகத்தில், மென்பொருளின் உள்ளமைப்பைக் காட்டும் மூலநிரல் வாங்கியவரின் கண்ணுக்கு மறைக்கப்பட்டது.

அம்மறைப்பினால் நேர்ந்த இடரை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சட் ஸ்டோல்மன் ஓர் அச்சுப்பொறியின் வாயிலாக அறிந்தார். பழைய அச்சுப்பொறியிற் காகிதம் சிக்கினால், காத்திருப்போருக்கு அதனை அறிவிக்கும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். 1980ஆம் ஆண்டையொட்டி செரொக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி வந்தபோது அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரும், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருந்தமையாற் கொடுக்க மறுத்தனர். பழுதைத் தீர்க்கும் அறிவு இருந்தும் உரிமை இல்லை என்ற நிலை அவரை வருத்தியது. 1983 செப்டெம்பர் 27இல், யூனிக்ஸ் முறையை ஒத்த முழுமையான ஓர் இயங்குதளத்தை யாவரும் பயன்படுத்துமாறு படைக்கப்போவதாக அவர் அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர்.

இவ்விடத்தில் ஒரு சொல்விளக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிக்கும். தமிழிலோ இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ஸ்டோல்மன் நாடியது பின்னையதே. எந்நோக்கத்திற்கும் இயக்கல், ஆராய்ந்து திருத்தல், பிரதி வழங்கல், திருத்தியதைப் பகிர்தல் ஆகிய உரிமைகளை 1989இல் வெளியான க்னூ பொது உரிமம் சட்ட வடிவில் உறுதிசெய்தது. அவ்வுரிமத்தின்படி பெற்ற மென்பொருளைத் திருத்தி வெளியிடுபவர், தாம் பெற்ற உரிமைகளைப் பிறருக்கும் வழங்கல் வேண்டும்.

க்னூவின் உறுப்புகள் பல நிறைவெய்தியும், அவற்றைப் பொறியோடு இணைக்கும் கருப்பகுதி காலந்தாழ்ந்தது. அக்குறையை நிரப்பியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஓகஸ்ட் 25இல், இருபத்தொரு வயதில், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அது பெரிதாக வளரக்கூடியதன்று எனவும் அவர் சக ஆர்வலருக்கு அறிவித்தார். எழுதப்பட்டதோ அவரது வீட்டுக் கணனியில். 1992இல் அவர் க்னூ பொது உரிமத்தை ஏற்றார். 1994 மார்ச்சில் லினக்ஸ் 1.0 வெளியாயிற்று.

உரிமை கிடைத்தது. வீட்டுக்கு வழி திறந்ததா எனின், இல்லை. அக்காலத்தில் லினக்ஸை நிறுவுவோர் பல நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இட வேண்டியிருந்தது. வன்தட்டைப் பிரிக்கும்போது தவறினாற் பழைய கோப்புகள் அழிந்துபோகும். திரைக்குரிய அளவுகளைப் பிழையாகக் கொடுத்தால் திரையே பழுதடையலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. விண்டோசுக்கெனச் செய்யப்பட்ட மோடங்கள் பல அதில் இயங்கவில்லை. 1996இல் தொடங்கிய கே.டி.ஈ., 1997இல் தொடங்கிய க்னோம் ஆகிய திட்டங்கள் சாதாரண மக்கள் கையாளத்தக்க திரை முகப்பை அமைத்தன. தன்னார்வலர்கள் இவற்றைத் தமிழிலும் பெயர்த்தனர்.

எஞ்சியிருந்தது அச்சம். அதனைப் போக்கியவற்றுள் ஜெர்மனியரான கிளவுஸ் க்னொப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட க்னொப்பிக்ஸ் குறிப்பிடத்தக்கது. இறுவட்டிலிருந்தே கணனியை இயக்கி, வன்தட்டில் எதனையும் மாற்றாமற் சோதித்துப் பார்க்க அது வழிசெய்தது. இறுவட்டை எடுத்துவிட்டாற் பழைய கணனி பழையபடியே இருக்கும். 2004 ஒக்டோபரில் தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த்தின் முயற்சியால் உபுண்டு வெளிவந்தது. மானிட நேயத்தைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல் அது. கேட்டவர்க்கெல்லாம் அதன் இறுவட்டு 2011 வரை தபாலில் விலையின்றி அனுப்பப்பட்டது. மெதுவான இணைய வசதியே பெற்றிருந்த நாடுகளில் இஃது எத்துணைப் பேருதவி என்பது சொல்லாமலே விளங்கும்.

வீட்டார் பலரை இம்மாற்றத்தைப் பற்றி எண்ண வைத்தது தத்துவம் அன்று, நாட்காட்டியே. 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கும், 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் மைக்ரோசொப்ட் தன் வழமையான ஆதரவை நிறுத்திற்று. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு முதலியவற்றை வேண்டி நின்றமையால், நல்ல நிலையிலிருந்த கணனிகள் பலவும் அதற்குத் தகுதியற்றனவாயின. பொறி பழுதடையவில்லை; விற்றவர் குறித்த நாள் வந்துவிட்டது. புதியது வாங்க வசதியற்ற குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று.

அத்தகையோருக்கு லினக்ஸ் ஒரு வழியாயிற்று. கோப்புகளை வேறிடத்திற் பிரதி செய்து வைத்தல், பென் டிரைவிலிருந்து இயக்கி அச்சுப்பொறியும் கம்பியில்லா இணைப்பும் வேலை செய்கின்றனவா எனப் பார்த்தல், பின்னரே நிறுவுதல் என்பது அறிந்தோர் கூறும் முறை. விண்டோசையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே கணனியில் நிறுவுவோரும் உளர். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒஃபீஸ் உண்டு. எனினும், சில விளையாட்டுகளும் தொழில்சார் மென்பொருள்களும் அதில் இயங்கா. பழகிய கை சில கிழமைகள் தடுமாறவுஞ் செய்யும். இவற்றை மறைத்துச் சொல்வது மாறுவோருக்குச் செய்யும் தீங்காகும்.

ஓர் அச்சுப்பொறியைத் திருத்த இயலாத மனக்குறையில் முளைத்த முயற்சி, முகமறியாப் பல்லாயிரவர் உழைப்பினால் வளர்ந்து, பழைய கணனியொன்றைக் குப்பைக்குப் போகாமற் காக்கும் அளவிற்கு வந்துள்ளது. எல்லா வீடுகளும் அவ்வழியிற் செல்ல வேண்டும் என்பதில்லை. செல்ல விரும்பும் வீட்டுக்கு வழி உண்டு என்பதும், அதனை அடைக்கும் அதிகாரம் எந்தத் தனியொரு நிறுவனத்திடமும் இல்லை என்பதுமே இந்நெடிய உழைப்பின் பயன்.