மெய்யோடு கலந்த பொய்

தபால் முத்திரையும் பழைய நாணயமும் சேர்ப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் விலை கொடுத்து வாங்குவது கடதாசியையோ உலோகத்தையோ மட்டுமன்று. அது மெய்யானது என்னும் நம்பிக்கையையுமே வாங்குகின்றனர். அந்நம்பிக்கை பொய்த்தால் வாங்கியவருக்கு அரண் யாது? ஒரு பழைய நிகழ்ச்சி இதனை விளக்கும்.

1942ஆம் ஆண்டிலே பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள், லிஸ்பன் நகர் முத்திரை வணிகர் ஒருவருக்குச் சென்றுகொண்டிருந்த முத்திரைகளைக் கைப்பற்றினர். அனுப்பியவர் ஜீன் டி ஸ்பெராட்டி. 1884இல் இத்தாலியின் பிஸ்தோயாவிற் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். அரிய முத்திரைகளை அனுமதியின்றி நாடு கடத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவரோ அவை தாமே செய்த போலிகள் என்றார். ஆராய்ந்த நிபுணரோ அவை மெய்யானவையே என்றார்! தாம் போலி செய்தவர் என்பதை நிலைநாட்டவே ஸ்பெராட்டி வாதாட வேண்டியதாயிற்று.

நிபுணர் மயங்கியது எங்ஙனம்? அக்காலத்து மலிவான மெய் முத்திரைகளை எடுத்து, அவற்றின் அச்சு மையை இரசாயனத்தால் நீக்கி, அக்கடதாசியிலேயே அரிய முத்திரையின் உருவை ஸ்பெராட்டி அச்சிட்டார். கடதாசி மெய்; நீர்க்குறி மெய்; பல வேளைகளில் தபாற்கந்தோர் இட்ட அடையாளமும் மெய். உருவொன்றே பொய். 1954இல் பிரித்தானிய முத்திரைச் சேகரிப்போர் சங்கம் அவருடைய போலிகளையும் கருவிகளையும் விலைக்கு வாங்கியது. அவை மேலும் சந்தைக்கு வாராது தடுப்பதே அதன் நோக்கம்.

கையில் வைத்து ஆராய்ந்தவரே மயங்கினாரெனின், இன்று இணையத்திலே நிழற்படத்தை மட்டும் கண்டு வாங்குவோர் நிலை யாது? படம் கடதாசியின் தடிப்பைக் காட்டாது; நீர்க்குறியையும் பெரும்பாலும் காட்டாது. ஆகவே வாங்குபவரின் அரண் அவர் கண்ணில் இல்லை. விற்பனையின் நிபந்தனையிலேயே உள்ளது.

இலண்டன் அரச முத்திரைச் சேகரிப்போர் சங்கத்தின் நிபுணர் குழு 1894ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இத்தகைய குழுவின் அத்தாட்சிக்கு உட்பட்டே விலை கொடுப்பது ஏல விற்பனையிற் காணும் நல்ல வழக்கம். போலியெனத் துணியப்படின் பணம் மீளும். நமது நாட்டிலும், விவரணங் கூறி விற்ற பொருள் அவ்விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டுமென 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது.

ஆதலின் நேயர்களே, பொருள் மெய்யானது என்பதை விற்பவர் எழுத்திலே பெறுக. அவ்வெழுத்தைப் பேணி வைக்குக. எத்தனை நாளுள் திருப்பலாம் என்பதைப் பணங் கொடுக்குமுன் கேளுங்கள். அத்தவணை கழியுமுன் பொருளை ஆராய்விக்குக. "உள்ளபடி விற்கின்றேன், மெய்யோ பொய்யோ அறியேன்" என்பவரிடம் வாங்க நேரின், போலிக்குரிய விலைக்குமேல் ஒரு சதமும் கொடாதிருத்தலே அறிவுடைமை.