பெருவிழாக் காலத்தில் அழுகைக்கும் ஒரு நாள்



குடில் கட்டி, நட்சத்திரம் தொங்கவிட்டு நாம் மகிழும் இந்நாள்களில் சிலருக்கு மட்டும் மனம் கனத்துப்போகிறது. பனிநாடுகளில் குளிர்காலத்தில் வெயில் குறைவதால் வரும் மனச்சோர்வு ஒன்று உண்டு. 1984-இல் மருத்துவர்கள் அதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். ஆனால், நம் செங்கல்பட்டுப் பகுதியில் டிசம்பரிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. இங்கே பலருக்கு மனத்தை இருளச் செய்வது நினைவுகள்தாம்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரக் கடற்கரை. அந்தக் கரைக்கு 2004 டிசம்பர் 26 மறக்காது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் சுனாமி அலை நம் கரைக்கு வந்தது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் எனக் கரையோரம் முழுவதும் அடிபட்டது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். குழந்தைகளும் பெண்களும் பெருமளவில் மாண்டனர். அவர்களை இழந்த வீடுகளில் அடுத்த ஆண்டும் கிறிஸ்மஸ் வந்தது. நட்சத்திரம் கட்ட யாருக்குக் கை வரும்?

அந்த ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. குழந்தை இயேசுவோடு யோசேப்பும் மரியாவும் எகிப்துக்குத் தப்பி ஓடியதே அன்றைய நற்செய்தி. ஏரோது பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற பகுதி அன்று வாசிக்கப்படுவதில்லை. அது டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழாவுக்கு உரியது. இரண்டு நாள் கழித்து அந்த வாசகம் வந்தபோது, நம் கடலோர மக்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்காக அழும் இராகேல் ஆறுதலை ஏற்க மறுப்பதாக மத்தேயு எழுதுகிறார். அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. 5-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை இவ்விழாவைக் கொண்டாடியது. பாலன் பிறந்த எட்டு நாள்களுக்குள்ளேயே அழுகைக்கும் ஒரு நாளை ஒதுக்கிய திருச்சபை நம்முடையது. ஆகவே, பெருவிழாவில் அழுபவர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர்.

சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் ஊர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். மனத்தில் உள்ளதைப் பேசவிடுதல், பொறுமையாகக் கேட்டல், உறவும் ஊரும் துணைநிற்றல், மெல்ல வேலையில் ஈடுபடுத்துதல், நம்பிக்கையைப் பற்றிக்கொள்ளுதல் ஆகியவையே அவர்கள் கற்பித்தவை. இவற்றை நாமும் செய்யலாம்.

எனவே, இந்த ஆண்டு இழப்பைச் சந்தித்த வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு போகும் நாம், சற்று உட்கார்ந்துவிட்டு வருவோம். "அழாதீங்க" என்பதைவிட, இறந்தவர் பெயரைச் சொல்லி, "அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்போம். திருப்பலிக்கு வர மனமில்லாதவரைக் குறை சொல்லாமல், வாசலில் போய் அழைப்போம். உறக்கமும் பசியும் கெட்டு, சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். மருந்து உண்பதும் செபிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பெத்லகேமில் இடமின்றி நின்ற குடும்பத்துக்குக் கதவு திறப்பது என்றால், இன்று நமக்கு இதுதான். அழுகிறவருக்கும் நம் குடிலருகே இடம் இருக்கட்டும். ஆமென்.