வளைகுடா போகும் தோட்டத்துப் பெண்கள்: பையில் இருப்பதும் பத்திரத்தில் இருப்பதும்

பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்காக குவைத்துக்கோ சவூதிக்கோ டுபாய்க்கோ புறப்படும் பெண்ணின் பையை வீடே சேர்ந்துதான் கட்டும். தேயிலைத் தூள், மிளகாய்த் தூள், மாசி, தலைவலி மாத்திரை, அம்மாவுக்கு மனம் கேட்காமல் வைக்கும் வெற்றிலை பாக்கு. அந்தப் பை இறங்கும் நாட்டில் எது குற்றம் என்று ஏஜென்ட் சொல்லி நான் கேட்டதில்லை.

வெற்றிலையிலேயே தொடங்கலாம். டுபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் இருக்கிறது. கசகசா ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சவூதியிலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, அது அபின் செடியின் விதை என்பதால். நம் ஊரில் பலூடாவில் போடும் திருநீற்றுப் பச்சிலை விதையையும் கசகசா என்றுதான் சொல்கிறோம். அது வேறு, இது வேறு. ஆனால் விமான நிலையத்தில் நின்றுகொண்டு இதை அரபியில் விளக்க யாரால் முடியும்? இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

மாத்திரை இன்னும் சிக்கலானது. டிரமடோல், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும், நரம்பு வலிக்குத் தரும் பிரிகபலினும் எமிரேட்ஸில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அதிகாரிகளிடம் முன்அனுமதி பெற வேண்டும். நம் டிஸ்பென்சரிகளில் மருந்தின் பெயரே இல்லாமல், காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதிய கடதாசிக் கவரில் மாத்திரை தருவார்கள். அதை அப்படியே பையில் போடக் கூடாது. மருந்தின் பெயரும் நோயாளியின் பெயரும் உள்ள ஆங்கிலத் துண்டை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்தும் கடையில் வாங்கிய பெட்டியுடனேயே இருக்கட்டும்.

அடுத்த லயத்து அக்கா "அங்க இருக்கிற என் மகள்கிட்ட குடுத்திரு" என்று தரும் பார்சலும் அப்படித்தான். திறந்து பார்க்காத பார்சலை வாங்காதீர்கள். அக்கா கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும். பை யாருடையதோ, வழக்கும் அவர் மேல்தான் வரும்.

பையை விடப் பெரிய ஆபத்து பத்திரங்களில் இருக்கிறது. மூதூரின் றிசானா நபீக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். பிறப்புச் சான்றிதழின்படி 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். போன சில வாரங்களில் அவர் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்தது. அப்போது அவருக்கு 17 வயது. விசாரணையில் சட்டத்தரணி இல்லை. மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றியும் கடும் கேள்விகள் எழுந்தன. சவூதி அரசு கடவுச்சீட்டு வயதையே பிடித்துக்கொண்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டிப் போடுவதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர்களிடம் நான் இந்தத் திகதியைத்தான் சொல்வேன்.

விசிட் விசாவும் இதே வகைதான். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த விசாவில் வேலை செய்தால் குற்றவாளி தொழிலாளிதான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவும் இருக்காது, அதோடு வரும் காப்புறுதியும் இருக்காது. 2022இல் ஓமானில் சிக்கிய இலங்கைப் பெண்களில் பலர் சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள்.

உள்ளூர்ச் சட்டம் என்றாலே தண்டனை என்றுதான் நாம் நினைக்கிறோம். அதில் தொழிலாளிக்கு உள்ள பங்கை யாரும் சொல்லித் தருவதில்லை. குவைத்தின் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், ஒரு நாளில் 12 மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலையும், வேலை முடிந்து திரும்பும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் தருகிறது. சம்மதமில்லாமல் முதலாளி கடவுச்சீட்டை வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறை வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் முறைப்பாடு எழுதும்போது சட்டத்தின் பெயர் தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் ஒன்றல்ல.

கபாலா முறையில் முதலாளியின் அனுமதியின்றி வீட்டை விட்டு வெளியேறினால் 'ஓடிப்போனவர்' என்று முறைப்பாடு விழும். தெரிந்தவர் வீட்டில் ஒளிந்துகொண்டு வேறு இடத்தில் வேலை செய்தால் கைதும் நாடுகடத்தலும் வரும். தாங்க முடியாத நிலை வந்தால் போக வேண்டிய இடம் இலங்கைத் தூதரகம்.

கைதானால் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா சாசனத்தின் 36ஆம் உறுப்புரை தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை, விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். இந்த இரண்டையும் சொல்ல அரபியில் இரண்டு வசனங்களைப் போகும் முன்பே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கம், அங்குள்ள வீட்டு முகவரி எல்லாவற்றையும் போன் கமராவில் படமெடுத்து, கடதாசிப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். மகளிடமிருந்து அழைப்பு நின்றால் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். அப்போது கையில் கடவுச்சீட்டு இலக்கம் இருக்க வேண்டும்.