கட்டட ஆற்றல் சிக்கன விதிகளும் உள்ளகக் காற்றின் தரமும்

கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதி, வெளியிலிருந்து வரும் காற்றைப் பதப்படுத்துவதற்குச் செல்கிறது. அந்தக் காற்றைக் குறைத்தால் எரிபொருள் மிஞ்சும். 1970களில் அமெரிக்கா இவ்வழியைப் பின்பற்றியது. அதன் விளைவுகள், ஆற்றல் விதிகளைக் காற்றோட்ட விதிகளிலிருந்து பிரித்து எழுதக்கூடாது என்பதைக் காட்டின.

தொடக்கக்கால அளவுகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூடிய அறைகளில் நோய் பரவும் என்ற அச்சம் வலுத்திருந்தது. ஒருவருக்கு நிமிடத்திற்கு 30 கன அடி புதிய காற்று வேண்டும் என்ற அளவை அமெரிக்கக் காற்றோட்டப் பொறியாளர் சங்கம் 1895இல் ஏற்றது. 1930களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யாக்லோ நடத்திய ஆய்வுகள் உடல் வாடையை அளவுகோலாகக் கொண்டன. அதன்பின் இதைவிடக் குறைந்த அளவுகளே போதுமெனக் கருதப்பட்டது.

எண்ணெய் நெருக்கடி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதித் தடை விதித்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. 1975இல் அமெரிக்க வெப்பமூட்டல், குளிரூட்டல், காற்றுப்பதனப் பொறியாளர் சங்கம் (ஆஷ்ரே) புதிய கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கனத் தரத்தை வெளியிட்டது. 1981ஆம் ஆண்டின் காற்றோட்டத் தரம், புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு ஒருவருக்கு 5 கன அடி போதும் என்றது.

திறக்க முடியாத சன்னல்களுடன் அலுவலகங்கள் எழுந்தன. உள்ளிருந்த காற்றே பெரும்பாலும் மீண்டும் மீண்டும் சுழன்றது. அதே காலத்தில் பசைகள், தரைவிரிப்புகள், அழுத்திய மரத்துகள் பலகைகள் ஆகியவற்றின் பயன்பாடு பெருகியது. இவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்கள் வெளியேறின. ஆற்றலைச் சேமிக்கச் சுவர்களுக்குள் நிரப்பப்பட்ட யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையைக் கனடா 1980இல் தடை செய்தது.

நோயுற்ற கட்டடங்கள்

தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, சோர்வு ஆகியவை பணியிடத்தில் தோன்றி, வெளியே வந்ததும் குறைவதாக ஊழியர்கள் முறையிட்டனர். இந்நிலை 'நோயுற்ற கட்டட நோய்க்குறி' எனப்பட்டது. புதிய, புதுப்பிக்கப்பட்ட கட்டடங்களில் 30% வரை இத்தகைய முறையீடுகள் மிகுந்திருக்கலாம் என 1984இல் உலக சுகாதார அமைப்பின் குழுவொன்று கூறியது. இதற்குக் காற்றுக் குறைவு மட்டுமே காரணமன்று. பொருள்களின் வேதி உமிழ்வு, ஈரப்பதம், பூஞ்சை, பராமரிப்புக் குறைபாடு ஆகியவையும் பங்கு வகித்தன. 1989இல் ஆஷ்ரே குறைந்தபட்ச அளவை 15 கன அடியாகவும், அலுவலகங்களுக்கு 20 கன அடியாகவும் உயர்த்தியது.

சிக்கனமும் காற்றும் இணைதல்

ஆற்றல் சிக்கனத்தைக் கைவிடாமலே காற்றைப் பெறவும் வழி இருந்தது. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட மாதிரி வீடு, காற்றுக் கசியாத சுவர்களுடன் வெப்பப் பரிமாற்றியையும் கொண்டிருந்தது. வெளியேறும் காற்றின் வெப்பம் அதன்வழி உள்ளே வரும் காற்றுக்கு மாற்றப்பட்டது. சுவீடன் 1990களின் தொடக்கத்தில் காற்றோட்ட அமைப்புகளைக் குறித்த கால இடைவெளியில் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது.

இந்தியாவில் 2018இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கட்டடத்தின் வெளிப்புறம் வழியாக உள்ளே புகும் வெப்பத்திற்கு உச்ச வரம்பு விதிக்கிறது. அதனுடன், சென்னை உள்ளிட்ட வெப்ப ஈரப்பத மண்டலத்தில் திறக்கக்கூடிய பரப்பு தளப்பரப்பில் குறைந்தது 16.66% இருக்க வேண்டும் என்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் விதியும் காற்றை அனுமதிக்கும் விதியும் இங்கு ஒரே தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.